காய்ச்சல் குறைந்த வாரம்

வைரஸ் ஆராய்ச்சி என்றால் நுண்ணோக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நம்புகிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடுவதற்குள், "அடுத்து என்ன கிருமி வரப்போகுது?" என்று கேட்டுவிடுவார்கள், ஏதோ நான்தான் அதற்கு பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதுபோல. என் வேலையில் முக்கால்வாசி பட்டியல்தான். எந்த ஊரில், எந்தத் தெருவில், யாருக்கு, என்றைக்குக் காய்ச்சல் தொடங்கியது என்ற பட்டியல். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்ட காலமும் போய்விட்டது.

எங்கள் ஆய்வகத்து ஜீப்பை ஓட்டுகிறவர் டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்துக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் முதல் நாளிலிருந்து எனக்கு அவர் அண்ணே, அவருக்கு நான் மேடம். ஒன்பது வருஷமாகச் சுற்றுகிறோம். எந்த ஊரில் டீ குடிக்கலாம், எந்தத் தெருவில் நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தார். என் ஜாக்கெட்டெல்லாம் அவர் தைத்ததுதான். பழசைப் பிரித்துத் தரச் சொல்லிக் கொடுத்தனுப்பினால், திரும்பி வரும்போது உள்ளே ஒரு சீட்டு இருக்கும். "இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்ல மேடம். நீங்கதான் பாத்து நடந்துக்கணும்." நான் கோச்சடையில் என் வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுச் சிரிப்பேன். அந்த அம்மாவை நேரில் மூன்று நான்கு தடவைதான் பார்த்திருப்பேன்.

போன வருஷம் புரட்டாசியில் அவர்கள் ஊர்ப்பக்கம் டெங்கு கிளம்பியது. தினமும் ஆஸ்பத்திரிகளிலிருந்து பட்டியல் வரும். அதில் அந்த ஊர்ப் பெயர் இல்லாத நாளே இல்லை. அடுத்த திங்கட்கிழமை அங்கே காய்ச்சல் முகாம் போடுவதாக முடிவானது. முகாம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூட வராண்டாவில் ஒரு மேஜை, இரண்டு நர்ஸ், ரத்த அணுக்களை அங்கேயே எண்ணிச் சொல்லும் ஒரு சின்ன மிஷின், குளுக்கோஸ் பாட்டில்கள். அந்த மிஷின் எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று.

திங்கட்கிழமைக்கு முன்பே அந்த ஊர்ப் பெயர் பட்டியலில் குறையத் தொடங்கியது. பிறகு மூன்று நாள் அடியோடு இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. முகாம் கேட்டு இன்னும் இரண்டு ஊர்கள் நச்சரித்துக்கொண்டிருந்தன. "தொற்று தணிந்து வருகிறது, முகாமை வேறு ஊருக்கு மாற்றலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். முகாமும் வேறு ஊருக்குப் போனது.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆய்வகத்து வாசலில் நின்று இட்லி தின்றுகொண்டிருந்தேன். அண்ணனிடமிருந்து போன். அவர் ஒரு வாரமாக லீவில் இருந்தார்.

"ஒண்ணுமில்ல மேடம், சும்மாதான் கேக்குறேன். வீட்ல அவளுக்கு நாலஞ்சு நாளாக் காய்ச்சல். இன்னைக்குக் காலையில விட்ருச்சு. ஆனா வயித்து வலின்னு சுருண்டு கெடக்கா. கையெல்லாம் சில்லுன்னு இருக்கு."

இட்லிப் பொட்டலத்தை மடித்துவிட்டேன். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் பயப்பட வேண்டிய நாள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, அழுத்தம் சத்தமில்லாமல் இறங்கும். வீட்டில் உள்ளவர்கள் காய்ச்சல் போய்விட்டது என்று ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருப்பார்கள். இதை ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியிருக்கிறது.

"இப்பவே கூட்டிட்டு வாங்கண்ணே."

"பெட்டுல போட்ருவாங்களே மேடம். ஊர்ல காப்புக் கட்டியிருக்கு. அம்மன் பொங்கல் முடியுற வரைக்கும் யாரும் வெளியூர்ல ராத் தங்கக் கூடாது."

"வேற யாருக்கும் காய்ச்சல் இருக்கா?"

"வீட்டுக்கு வீடு கெடக்கு மேடம். மாத்திரையப் போட்டுப் படுத்திருக்காங்க. சாமி கும்பிட்டு முடியட்டும், மொத்தமா வந்து ஆஸ்பத்திரில சேந்துக்கிருவோம்னு பேச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சல் குறையவில்லை. ஊரை விட்டு வெளியே வருவதுதான் நின்றிருக்கிறது. அண்ணனுடைய லீவு லெட்டரில் காரணம் என்ற இடத்தில் "ஊர்ப் பொங்கல், காப்புக் கட்டு" என்று எழுதியிருந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டது நான்தான். முளைப்பாரி போட்டோ அனுப்பச் சொன்னதும் நான்தான். நான் தல்லாகுளத்தில் மிஷன் பள்ளி வாத்தியார் வீட்டில் வளர்ந்தவள். காப்பு என்றால் கூடப் படித்த பிள்ளைகள் கையில் கட்டியிருந்த மஞ்சள் கயிறு, அவ்வளவுதான் எனக்கு. மூன்று நாள் ஒரு ஊரிலிருந்து ஒருவர்கூட வரவில்லையே, ஏன் என்று ஒரே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். இத்தனை படித்து என்ன, சுத்த மடத்தனம்.

முகாமை உடனே அங்கே திருப்பச் சொல்லிவிட்டு, வாடகைக் கார் பிடித்துப் போனேன். மைக்செட் அலறிக்கொண்டிருந்த தெருவில், வீட்டுக்குள் பாயில் கிடந்தார் அந்த அம்மா. நாடி நூலாக ஓடியது. கிளம்பலாம் என்றதும் அவரே தலையை ஆட்டி மறுத்தார்.

"என்னால ஊருக்கு ஒரு கொறை வர வேணாம் மேடம். ரெண்டு நாள்தான, பொறுத்துக்கிருவேன்."

அண்ணன் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணனுடைய அம்மாதான் அடுப்படியிலிருந்து வந்து கத்தினார்.

"இம்புட்டு வருசமா அந்த ஆத்தாளைக் கும்பிடுறேன். கோவிச்சுக்கிட்டான்னா நான் பேசிக்கிறேன். நீ தூக்கி வண்டியில ஏத்துடா."

அண்ணன் மனைவியைத் தூக்கினார். வாசலில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவரும் தடுக்கவில்லை; ஒருவர் கார்க் கதவைத் திறந்துவிட்டார். காரில் என் மடியில்தான் தலை. "பச்சை ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கல மேடம்," என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். டாக்டர்கள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். ஒரு நாள் முந்தி குளுக்கோஸ் ஏறியிருந்தால் போதும். திங்கட்கிழமை அந்த மேஜையைப் பள்ளிக்கூட வராண்டாவில் போட்டிருந்தால் அவர் ஊரை விட்டு வரவே வேண்டியதில்லை. நாலு தெரு நடந்தால் போதும். புதன்கிழமை சாயங்காலம் முகாம் போய்ச் சேர்ந்த பிறகு ஊரே அதில் வந்து வரிசையில் நின்றது. மற்ற எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள்.

என் மேலதிகாரிக்குப் போன் செய்து, நான் எழுதியது தப்பு என்றேன். "விடுங்க மேடம், அடுத்த ரிப்போர்ட்ல திருத்திக்கலாம்," என்றார். நல்ல மனிதர். அவரைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அண்ணன் வேலைக்கு வந்தார். மொட்டை போட்டிருந்தார். நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுக்க வேண்டாம் என்றேன்.

"அண்ணே, உங்க ஊருக்கு முகாம் வேண்டாம்னு எழுதுனது நான்தான்."

"தெரியும் மேடம். ஆபீஸ்ல சொன்னாங்க."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

டெங்குவில் யார் இறந்தாலும் குடும்பத்தில் ஒருவரிடம் கேட்டு நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அது கோழைத்தனமாகப் பட்டது. பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன். பேனாவைத் திறந்து, மேலே தேதியைப் போட்டேன். ஒன்பது வருஷமாக வீட்டுக்கு வீடு நான் இதைக் கேட்கும்போதெல்லாம் அவர் ரத்த மாதிரி வைக்கும் ஐஸ் பெட்டியோடு என் பின்னால் நின்றவர். ரோட்டைப் பார்த்தபடி அவரே தொடங்கினார்.

"வயசு நாப்பத்தி ஒண்ணு. காய்ச்சல் ஆரம்பிச்சது வெள்ளிக்கிழமை, சாயங்காலம். வாந்தி இருந்துச்சு. ரத்தம் எதுவும் வரல."

எழுதினேன்.

"அடுத்து, காய்ச்சலுக்கு முந்தி பதினஞ்சு நாள்ல வெளியூர் எங்கயும் போனாங்களான்னு கேப்பீங்க."

நான் நிமிரவில்லை.

"போகல மேடம். ஊரை விட்டு எங்கயும் போகல. இல்லைன்னு போட்டுக்கோங்க."

இல்லை என்று போட்டேன்.