செல்லக்கிளியின் சப்பை வலி

ஏலத் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பு மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் செல்லக்கிளி வலது சப்பையை இருக்கையில் படாமல் தூக்கிக்கொள்வாள். ஒரு கை பலகையில் ஊன்றியிருக்கும். போடிமெட்டு வரை ஒவ்வொரு வளைவிலும் உதட்டைக் கடித்தபடி, வலது கால்விரல்களை மடக்கி மடக்கிப் பார்ப்பாள். "அசையுது சார்" என்று எதிரே இருக்கும் என்னிடம் முணுமுணுப்பாள். மேலே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகத் தினமும் அதே ஜீப்பில் போகிறவன் நான்.

செல்லக்கிளிக்கு வயது முப்பத்தைந்து. ஏலக்காய் எடுப்பில் அவள் வேகம் யாருக்கும் வராது. காய் தரையோடு கிடக்கும் சரத்தில் இருக்கும். நாள் முழுக்கச் செடியின் தூரடியில் குத்தவைத்து எடுக்க வேண்டும், பிறகு அடுத்த தூருக்குச் சரிவில் ஏற வேண்டும். எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மழையில் ஒரு நாள் எழுந்தபோது, பின்பக்கம் ஆழத்தில் வலி பிடித்தது.

"சப்பைக்குள்ள ஆணி அடிச்சாப்ல இருக்கு. கெண்டைக்கால் வரைக்கும் இழுக்குது."

வெளியே சொல்லக் கூசும் இடம். கங்காணி சீனிச்சாமிக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். அதைவிடப் பெரிய பயம் அக்கா ராக்கு. அவளுக்கும் வலி இப்படிக் காலுக்கு இறங்கித்தான் தொடங்கியது. முதுகெலும்பில் நோய் முற்றி, இப்போது கால் அசையாமல் கட்டிலோடு கிடக்கிறாள். அக்காவுக்குச் சோறு ஊட்டப் போகும் நாளெல்லாம் தங்கைக்கு வலி கூடும்.

உப்பு ஒத்தடம் கொடுத்தாள். சுளுக்கு என்று யாரோ காலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்ததில் மூன்று நாள் படுத்தாள். புரட்டாசியில், போடியில் ஒரு பெண் டாக்டரிடம் போனாள். அவர் காலை நீட்டித் தூக்கிப் பார்த்தார், குதிகாலால் நடக்கச் சொன்னார், பின்பக்கம் ஓரிடத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். செல்லக்கிளி அலறிவிட்டாள். முதுகெலும்பு நன்றாக இருக்கிறது, அக்காவின் நோய் வேறு என்றார் டாக்டர். குத்தவைத்தும் மேடேறியும் உள்ளே ஒரு சின்னத் தசை இறுகி நரம்பை நெருக்குகிறதாம். மல்லாந்து படுத்து, வலிக்கிற காலின் கணுக்காலை மறு முழங்கால்மேல் போட்டு, அந்த மறு காலின் தொடையை மெல்ல நெஞ்சுக்கு இழுத்து முப்பது எண்ண வேண்டும். தினம் மூன்று வேளை. கால் துவண்டாலோ மரத்தாலோ உடனே வரவேண்டும்.

"ஊசி கூடப் போடலை சார். எனக்குச் சொல்லாம எதையாச்சும் மறைக்கிறாகளோ?" என்று மறுநாள் கேட்டாள்.

ஆனாலும் காலையும் மாலையும் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். நடுப்பகல் வேளையை மட்டும் வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். ஐப்பசியில் ஒரு நாள் ஜீப்பில் இரண்டு சப்பையும் படிய உட்கார்ந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"வலியே இல்ல சார். மரத்துக்கிரத்துப் போச்சோன்னு பயமா இருக்கு."

தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வலி லேசாகத் திரும்பியது. அன்று நடுப்பகல், பள்ளிக்கு எதிர்ச் சரிவில் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லக்கிளி ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுத்தாள். சேலையைக் கால்களுக்கிடையே இறுகச் செருகிக்கொண்டு, காலைக் காலின்மேல் போட்டு இழுத்தாள். சீனிச்சாமி வந்து நின்று, இது என்ன சோலி என்று கேட்டார். பெண்கள் சாப்பாட்டை நிறுத்தினார்கள்.

அவள் எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவருக்குக் கேட்கும்படி "பதினேழு, பதினெட்டு" என்று எண்ணிக்கொண்டே போனாள்.