மண்ணெண்ணெய்க் கேன் இல்லாத நடை

தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம். இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மார்புப் புற்றுநோயில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெரியம்மாவும் அதிலேதான் போனார். அடுத்தது நான்தான் என்று மனசுக்குள் ஒரு பயம் குத்திக்கொண்டே இருந்தது.

அம்மாவைப் பார்த்த டாக்டரம்மாவிடம் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "வராதுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா தினமும் வேகமா நடக்கிறவங்க, ஓடுறவங்களுக்கு இது வர்ற வாய்ப்புக் குறையலாம்னு சொல்றாங்க. நாள் முழுக்க மெஷின்லயே உட்கார்ந்திருக்கீங்க. நடங்க. மாசாமாசம் மார்பை நீங்களே தடவியும் பாருங்க" என்றார்.

நடப்பது என்ன பெரிய காரியமா என்கிறீர்களா? எங்கள் தோட்டத்துக்கு வந்து நடந்து பாருங்கள், தெரியும். ஒரு பெண் ரோட்டில் போனால் கொழுந்துக்கூடை, விறகு, பிள்ளை என்று எதையாவது சுமக்க வேண்டும். வெறும் கையோடு போனால் வாசலுக்கு வாசல் விசாரணை. சும்மா நடக்கிறேன் என்றால் புத்தி பிசகிவிட்டது என்பார்கள், இல்லையென்றால் அதைவிட மோசமாகப் பேசுவார்கள். அதனால் ஒரு காலி மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டேன். யாராவது கேட்டால், கடைக்குப் போகிறேன்.

எத்தனை நாளைக்கு ஏமாற்ற முடியும்? மேல் லயத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர், வாய்ப்பேச்சில் நிகரில்லாதவர், மடக்கிவிட்டார். "தெனமுமா எண்ண வாங்குறீங்க? ஒங்க வீட்டு வெளக்கு எரியுதா, குடிக்குதா?" உண்மையைச் சொன்னேன். "நடக்கத்தான் ஆசைன்னா என் கூடையக் கட்டிக்க தங்கச்சி, அரைப்பேராவது போடுவாங்க" என்றார். அரை நாள் சம்பளத்தைத்தான் அப்படிச் சொல்வோம். விடிந்ததிலிருந்து மலை ஏறி இறங்குகிறவர் அப்படிச் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அஞ்சு மணி பஸ்ஸின் சிங்களக் கண்டக்டர் இன்னொரு கதை. காசில்லாமல்தான் நடக்கிறேன் என்று நினைத்து, பஸ்ஸை நிறுத்தி, "கமக் நே நங்கி, நகின்ன" என்பார். பரவாயில்லை தங்கச்சி, ஏறு என்று. அந்த நல்ல மனசுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்வதே எனக்குப் பெரும்பாடு.

டாக்டரம்மா சொன்னதைத் தெரிந்த இரண்டு பேரிடம் சொன்னேன், துணை சேர்ந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா அக்கா விறகுக்குப் போகிற சாக்கில் ஒரு கயிற்றோடு வந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த யாழ்ப்பாணத்து டீச்சர், "ஊரில சைக்கிளிலதான் திரிஞ்சனான். இஞ்ச இருந்து இருந்தே பெருத்துப் போனன். நானும் வரட்டோ?" என்று குடையோடு வந்தார். எந்த லயத்திலிருந்தும் பார்வை படாத ஒரு ரோட்டு வளைவு உண்டு. அங்கே போனதும் கேன், கயிறு, குடை மூன்றையும் தேயிலைச் செடிக்குள் சொருகிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவோம். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே ஓடுவோம். பயம் என்னைவிட்டுப் போனதே அந்த வளைவில்தான்.

இப்படியே சில வருஷங்கள் போயின. ஒரு நாள் குளிக்கும்போது மார்பில் ஒரு சிறு கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டது. பரிசோதித்தார்கள். அதேதான்.

செத்துப் போவேனோ என்பதைவிட வேறொன்றுதான் என்னை உலுக்கியது. என் பேச்சை நம்பி இரண்டு பேர் நடந்தார்களே! "நடந்து நடந்து என்னத்தக் கண்டா? அவளுக்கே வந்துருச்சே" என்று குழாயடியில் பேசியது என் காதிலும் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று பிள்ளைக் காம்பரா அக்கா கட்டிப்பிடித்து அழுதார். "இனி எதுக்கும்மா நடக்கணும்?" என்றார்.

ஆபரேஷன் நடந்தது. "சின்னதா இருக்கும்போதே பிடிச்சிட்டீங்க. உடம்பும் தெம்பா இருந்துச்சு, நல்லாத் தாங்கிச்சு. ஆறினதும் திரும்ப நடங்க" என்றார் பெரிய டாக்டர். சரி என்று தலையாட்டினேன். ஆனால் யாரோடு நடப்பது?

வாரங்கள் கழித்து, அதே அஞ்சு மணி பஸ்ஸில் கணவர் என்னைக் கூட்டி வந்தார். எங்கள் வளைவுக்கு முந்திய லயத்தைத் தாண்டும்போது, ஜன்னல் வழியே ரோட்டில் ஒரு கூட்டம் தெரிந்தது. யாருக்கோ துக்கமோ என்று எட்டிப் பார்த்தேன். கண்டக்டர் வழக்கம்போல மணியடித்து நிறுத்தினார். கூட்டம் மொத்தமும், "நீங்க போங்க, போங்க" என்று சிரித்துக்கொண்டே கை காட்டியது.

முன்னால் டீச்சர். அவர் பக்கத்தில் பிள்ளைக் காம்பரா அக்கா. பின்னால் கடைக்காரர் மனைவி, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண்கள், இன்னும் பலர். லயத்து வாசல்களில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நடுரோட்டில் கையை வீசி நடந்தார்கள். ஒருவர் கையிலும் கேன் இல்லை, கயிறு இல்லை, குடைகூட இல்லை.

கணவரின் தோளைப் பிடித்து இறங்கிவிட்டேன். என்னைக் கண்டதும் பிள்ளைக் காம்பரா அக்கா ஓடிவந்தார். "கொடையப் புடிச்சாலும் அடமழைல நனையத்தான் செய்யிறோம். அதுக்காகக் கொடையத் தூக்கியா போட்டுர்றோம்? நீ போன மறுநாளே நடந்துட்டோம்" என்றார்.

கூட்டத்தின் கடைசியில் மேல் லயத்து அக்கா. நாள் முழுக்கக் கொழுந்தெடுத்துவிட்டு வந்தவர். "ஒங்களுக்கு எதுக்குக்கா நடை?" என்று கேட்டேன். "கூடையில்லாம நடந்தா எப்புடியிருக்கும்னு பாக்க வந்தேன் தங்கச்சி. நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மெதுவாக, அவர்கள் நடுவில், என் வீடு வரை நடந்தே போனேன்.

எனக்கு வந்ததை நடை தடுக்கவில்லை, அவர்களில் யாருக்குத் தடுத்ததென்று என்னால் சொல்லவும் முடியாது. ஆனால் எங்கேயும் போகாமல், எதையும் சுமக்காமல், தன் உடம்புக்காகவே ஒரு பெண் நடக்கலாம் என்று எங்கள் தோட்டத்துக்குக் காட்டியவள் நான் என்பதை நினைத்தால், இன்றைக்கும் என் தலை தானாக நிமிர்கிறது.