ஸ்டெல்லா சிஸ்டரின் மூன்று மணிக் கொலைகள்

என்னைக் கழுத்தை நெரித்தும், கிணற்றில் தள்ளியும், காபியில் விஷம் கலந்தும், ஒரு முறை ஆட்டுக்கல்லைத் தூக்கித் தலையில் போட்டும் கொன்ற பெண்மணி போன வாரம் தூக்கத்திலேயே இறந்துபோனார். போனில் தகவல் சொன்னவர் அவருடைய தம்பி ஆரோக்கியம். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் பால் பாக்கெட்டும் கையுமாக நின்றிருந்தேன்.

"மாமா, அக்கா போயிட்டாங்க. படுத்தவங்க எழுந்திரிக்கவே இல்ல."

"சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இல்ல மாமா. ஒண்ணுமே இல்ல."

இதை என்னால் இன்னும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அடுத்தவர் சாவுகளை அத்தனை சிரத்தையாக யோசித்து யோசித்துச் செய்தவருக்கு, இப்படிச் சுவாரசியமே இல்லாத ஒரு சாவு. அவரே கேட்டிருந்தால் உதட்டைச் சுழித்து, "இன்னொரு டேக் போகலாம் சார்" என்றிருப்பார்.

ஸ்டெல்லா சிஸ்டரை உங்களில் பலர் அறிவீர்கள். தென்னூர் வட்டாரத்தில் உடையாத மண்டைகள் குறைவு. உடைந்த மண்டைகளில் பாதி அவர் தைத்தவை. ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்க கேசுவால்டி நர்ஸ். நான் அவரிடம் போய்ச் சேர்ந்த கதை வீரம் செறிந்தது. காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரில் போன நான் எதிரே வந்த ஒரு லாரியை முறைத்தே விரட்டியடித்துவிட்டு, அடுத்த கணம் ஒரு வாழைப்பழத் தோலிடம் தோற்றுப் போனேன். நெற்றி இரண்டாகப் பிளந்து, வழிந்த ரத்தத்தில் காவிரியின் நீர்மட்டம் சற்றே உயர்ந்தது. கேசுவால்டிக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்ததும் நான் போட்ட அலறலில், மலைக்கோட்டையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் துவாக்குடி வரை போய்த் திரும்பின.

சிஸ்டர் பொறுமையாகக் காத்திருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "சார், ஊசியை இன்னும் கையிலயே எடுக்கல" என்றார்.

பல வருடம் கழித்து, இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, காந்தி மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காய்க் குவியலுக்கு முன்னால் சந்தித்தோம். அவருக்கு என் முகம் நினைவில்லை. நெற்றித் தழும்பைப் பார்த்துவிட்டு, "இது என் தையலாச்சே" என்றார். அதற்கடுத்த வாக்கியம்: "கத்துறதுக்கு ஒரு ஆள் வேணும் சார். சம்பளம் கிடையாது. சாப்பாடு உண்டு."

வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து, கேட்கும் தொடராக இணையத்தில் போட அவர் கொலைக் கதைகள் எழுதி வைத்திருந்தார். ஏன் கொலை, பக்திப் பாட்டு போடக் கூடாதா என்று கேட்டேன். "கேசுவால்டிக்கு கதையோட கடைசி சீன்தான் சார் வரும். அதுக்கு முன்னாடி என்ன நடந்துருக்கும்னு நானே யோசிச்சு யோசிச்சு மண்டை வீங்கிப் போச்சு. இறக்கி வைக்கணும்" என்றார்.

தென்னூரில் இரண்டாவது மாடியில் அவருடைய வீடு. படுக்கையறைச் சுவர்களில் மெத்தைகளையும் போர்வைகளையும் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். மேஜையில் ஒரு லேப்டாப், அதில் காசில்லாமல் இறக்கிய ஒலிப்பதிவு மென்பொருள், மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்க இன்டர்ஃபேஸ் என்றொரு கையகலக் கறுப்புப் பெட்டி. முதல் நாள் நான் மைக் முன்னால் நின்று, குத்துப்பட்டவன் குரலில் உலகம் அதிரக் கத்தினேன். திரையில் கோடு அசையவில்லை. மறுபடி கத்தினேன். செத்தவன் இ.சி.ஜி. மாதிரி நேராகவே போனது. சிஸ்டர் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டுவிட்டு, பெட்டியை விற்ற கடைக்காரருக்கு போன் போட்டார்.

"தம்பி, நீ குடுத்த மைக் செத்துக் கிடக்கு. நீ வரியா, நான் வரட்டுமா?"

"சிஸ்டர், பெட்டில நாப்பத்தெட்டு வோல்ட்டுன்னு ஒரு பட்டன் இருக்கும். அமுக்குனீங்களா? அந்த மைக்குக்குக் கரண்ட் வேணும் சிஸ்டர், பெட்டிதான் குடுக்கும்."

அமுக்கினார். பாதியில் நின்றிருந்த என் மூச்சிரைப்புக்குக் கோடு துள்ளிக் குதித்தது. "வா, வா, போயிடாத" என்றார் அவர், கோட்டைப் பார்த்து.

அத்துடன் போர் முடியவில்லை. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நான் "என்னைக் கொல்லாதே" என்றால், அரைக் கணம் கழித்து என் குரலிலேயே ஒருவன் காதுக்குள் "என்னைக் கொல்லாதே" என்று பழிப்புக் காட்டினான். என்னை விடப் பேடி. அவனை அடிக்கக் கை ஓங்கி மின்விசிறியில் அடிவாங்கினேன். குரல் லேப்டாப் வரை போய்த் திரும்பி வருகிற தாமதம் அது என்றும், மைக்கில் விழுவதை நேராகக் காதுக்கு அனுப்ப அந்தப் பெட்டியிலேயே ஒரு குமிழ் இருக்கிறது என்றும் வழிகாட்டித் தாளைப் படித்துப் பார்த்து சிஸ்டர் சொன்னார். குமிழைத் திருப்பினார். பேடி செத்தான். எங்கள் முதல் கொலை.

பிறகு நடந்த படுகொலைகளைக் காந்தி மார்க்கெட் மறக்காது. முட்டைக்கோஸுக்குள் கத்தியை இறக்கினால் வயிற்றுக் குத்து. முருங்கைக்காயை ஈரத்துணியில் சுற்றி முறித்தால் எலும்பு. பூசணிக்காயை மேலேயிருந்து போட்டால் மண்டை. நான் கத்த, அவர் வெட்ட, அறையெங்கும் சதை தெறிக்கும். முடிந்ததும் பிணங்களைப் பொறுக்கிக் கழுவிக் கூட்டு வைப்பார். என் மண்டையை நானே தேங்காய் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். உப்பு கம்மி.

முதல் வாரமே போலீஸ் வந்தது. குடியிருப்பு செக்ரட்டரி முத்துக்குமார்தான் கூப்பிட்டவர். வந்த ஏட்டு, நசுங்கிய பூசணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த இரண்டில் யார் புகார்தாரர் என்று கேட்டார். அதன்பின் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது: செவ்வாய், வெள்ளி மதியம் மூன்று மணிக்கு மேல்தான் கொலை. மாடிப்படியில் அறிவிப்பு ஒட்டினோம். ஒரு மாதத்தில் மொத்தக் கட்டடமும் பழகிவிட்டது. மூன்றாவது மாடி நஜ்மா என் மரண ஓலத்தைக் கேட்டுத்தான் டீத்தண்ணி வைப்பதாகச் சொன்னார். பெருமையாக இருந்தது.

முதல் மாடியில் பாலாஜி, கவிதா என்று ஓர் இளம் தம்பதி. பாலாஜிக்கு இரவு வேலை. பகலில் வீட்டில் இருப்பார். அந்தக் கட்டடத்திலேயே எங்களை மதித்த ஒரே ரசிகர் அவர் என்று நினைத்திருந்தோம். படியில் எப்போது பார்த்தாலும் கும்பிடு போட்டு, "இன்னைக்கு ரெக்கார்டிங் உண்டா சிஸ்டர்? எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்பார். பண்பான பிள்ளை என்று சிஸ்டர் அவருக்கு ஒருமுறை கூட்டு கூடக் கொடுத்தனுப்பினார்.

எங்கள் பதிவுகளில் ஒரு குறை இருந்தது. என் அலறல்களுக்கு நடுவில் நான் மூச்சு வாங்கும் இடங்களில், அடியில் ஏதோ மெல்லிய இரைச்சல். நல்ல மைக் என்றால் அப்படித்தான், தெருவில் போகிற ஆட்டோவைக் கூடக் கேட்கும். மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதி உண்டு. வேண்டாத சத்தம் எது என்று தொட்டுக் காட்டினால் துடைத்துவிடும். சிஸ்டருக்கு அதில் கை தேர்ந்துவிட்டது. காயத்தைத் துடைப்பது போலச் சுத்தமாகத் துடைப்பார். "இப்ப பாருங்க சார், பளிச்சுன்னு இருக்கு."

ஒரு வெள்ளிக்கிழமை அந்த இரைச்சல் துடைத்தும் போகாமல் அடம்பிடித்தது. மென்பொருளில் அதே இடத்தில், நீக்கப்போவதை மட்டும் தனியாகக் கேட்க ஒரு வழி இருப்பதை சிஸ்டர் அன்றுதான் கவனித்தார். நான் நாற்காலியில் சாய்ந்து, ஆட்டுக்கல் சாவுக்கு எனக்கு விருது கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தேன். அவர் அதை அழுத்திக் கேட்டார். இன்னொரு முறை கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டினார்.

என் அலறல் அதில் இல்லை. மிச்சம்தான் இருந்தது. ஒரு பெண் அழுதாள். எதுவோ சுவரில் மோதியது. பாலாஜியின் குரல், படியில் கேட்கும் அதே மரியாதையான குரல், ஒரு வாக்கியம் சொன்னது.

"இது எப்ப பதிஞ்சது?" என்றேன்.

"இப்பதான் சார்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் செருப்புக்கூடப் போடாமல் படி இறங்கினார்.

கதவை உள்ளங்கையால் அறைந்துகொண்டே இருந்தார். பாலாஜி திறந்தான். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, தலை வாரியிருந்தான். "ரெக்கார்டிங் முடிஞ்சிடுச்சா சிஸ்டர்?" என்றான். அவனுக்குப் பின்னால் கவிதா தரையில் உட்கார்ந்திருந்தது. காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. வாயில் புடவைத் தலைப்பு.

"தள்ளு. கட்டுப் போடணும்" என்று சிஸ்டர் உள்ளே நுழையப் போனார். அவன் இரண்டு கையாலும் தள்ளினான். அவர் நிலைப்படியில் மோதி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தத்துக்கும் முருங்கைக்காய்ச் சத்தத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் அலறினேன். என் கலை வாழ்க்கையின் உச்சம். ஒரு கதவும் திறக்கவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து நஜ்மாவின் குரல் மட்டும் வந்தது: "மாமா, இன்னைக்கு நிஜம் மாதிரியே இருக்கு."

தரையில் கிடந்த சிஸ்டர் சொன்னார்: "கத்தாதீங்க சார். பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. கத்தினா யாரோன்னு நெனைப்பாங்க. பேரச் சொன்னா அந்த ஆள் வந்துதான் ஆகணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். கேசுவால்டியில் கூட்டத்துக்கு நடுவே டாக்டரைக் கூப்பிடுகிற குரல், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "முத்துக்குமார். முதல் மாடிக்கு வாங்க. நஜ்மா. முதல் மாடிக்கு வாங்க. இது நாடகம் இல்ல. முத்துக்குமார்." அவன் அவர் வாயைப் பொத்தக் குனிந்தான்; அவர் அவன் விரலைக் கடித்துத் தள்ளிவிட்டு மறுபடியும், "நஜ்மா."

கதவுகள் திறந்தன. முத்துக்குமார் லுங்கியோடு ஓடிவந்து அவன் இடுப்பைப் பிடித்தார். நஜ்மா தோசைக் கரண்டியோடு வந்தார். அந்தக் கரண்டிக்கும் அவனுடைய முன்பல்லுக்கும் இடையே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது; சரியாக அந்த நேரம் பார்த்து என் கண்ணாடியில் தூசி விழுந்துவிட்டது. சிஸ்டர் முறிந்த கையை மார்போடு அணைத்தபடி, இன்னொரு கையால் கவிதாவின் காதில் துணியை அழுத்திக்கொண்டிருந்தார். "செவ்வாயும் வெள்ளியும்தான் அடிப்பாரு சிஸ்டர்" என்றது கவிதா. "மத்த நாள்ல சத்தம் வெளிய கேட்டுரும்னு."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சிஸ்டர் என்னிடம் சொன்னார்: "இத்தனை வாரமா என் கையாலயே தொடைச்சு எறிஞ்சிருக்கேன் சார். பளிச்சுன்னு."

போலீஸ் லேப்டாப்பை எடுத்துப்போனது. அந்த ஒரு வெள்ளிக்கிழமைப் பதிவு மட்டும் துடைக்கப்படாமல் அதில் இருந்தது. கவிதா ஜீயபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிற்று. மாவுக்கட்டு பிரித்த பிறகும் சிஸ்டர் புதுக் கணினி வாங்கவில்லை. தொடரைக் கேட்டவர்கள் விசாரித்தார்கள், நானும் நச்சரித்தேன், சாவதற்கு ஆளில்லாமல் கை அரிக்கவில்லையா என்று. "இந்த பில்டிங்குக்குக் காது திரும்பி வரட்டும் சார்" என்றார். வழக்கில் அவர்தான் முதல் சாட்சி. கூண்டேறுவதற்காக இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவையை எடுத்துத் தனியே வைத்திருந்தார். ஆரோக்கியம் அதைத்தான் அவருக்கு உடுத்தியிருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் கவிதா என் பக்கத்தில் வந்து நின்றது. காதில் இப்போது பாதிதான் கேட்கிறதாம், அதனால் கேட்கும் பக்கம் என் பக்கம் வருகிற மாதிரி நின்றது. "மாமா, வீட்டுக்குள்ள நடந்ததுக்கு இனிமே நீங்க மட்டும்தான் சாட்சி. வருவீங்கல்ல?" என்றது. வருகிறேன் என்றேன்.

கவிதாவின் வக்கீலம்மா என்னை உட்கார வைத்து நேராகவே சொன்னார்: "சார், உங்களப் பத்தி விசாரிச்சேன். ஒண்ணுக்குப் பத்தா சொல்லுவீங்களாமே. கோர்ட்ல ஒரே ஒரு வார்த்தை கூடுதலா சொன்னீங்கன்னா, அந்தாளோட வக்கீல் அதை வெச்சே மொத்தத்தையும் கதைன்னு சொல்லிடுவாரு. அவன் சிரிச்சுக்கிட்டே வெளிய போவான்."

லாரிகளை முறைத்து விரட்டியவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. இருந்தும் தினமும் காலையில் வாசற்கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். முதல் நாள் சுவர் இடிந்தது என்று வந்துவிட்டது. மறுநாள் ரத்த வெள்ளம் என்று வந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது அவர் சொல்லியிருக்க வேண்டிய இந்தச் சாட்சியம்தான். இப்போது இவ்வளவுதான் இருக்கிறது:

வெள்ளிக்கிழமை, மதியம் மூன்றரை மணி இருக்கும். அன்றைய பதிவை ஸ்டெல்லா மேரி முதலில் கேட்டார், பிறகு நான் கேட்டேன். ஒரு பெண் அழும் சத்தம். சுவரில் எதுவோ மோதும் சத்தம். பிறகு பாலாஜி பேசினார். அவர் சொன்னது: "கத்து. நல்லா கத்து. மேல அவங்கதான் கத்துறாங்கன்னு நெனைச்சுக்குவாங்க." ஸ்டெல்லா மேரி எழுந்து கீழே போனார். நான் அவர் பின்னால் போனேன்.