குடையை எந்தக் கையால் பிடிப்பது?

போன வியாழக்கிழமையிலிருந்து நான் குடை எடுப்பதில்லை.

சூரியநெல்லியில், ஜூன் கடைசியில், குடை இல்லாமல் நடமாடுகிற ஒரே டீச்சர் நானாகத்தான் இருப்பேன். மூக்கு ஒழுகுகிறது. தொண்டை கட்டிவிட்டது. பாதிப் பாடத்தைக் கையை ஆட்டித்தான் நடத்துகிறேன். குடை தொலைந்துபோய்விட்டதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தொலையவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தப் பத்திக்கு வந்த ஒரு கடிதம். பொள்ளாச்சியிலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் நான்காம் வகுப்பாம். கடகடவென்று வாசிக்கிறாளாம், ஆனால் வாசித்ததைப் பற்றி ஒன்றுமே யோசிப்பதில்லையாம். 'பிள்ளைகளை யோசிக்க வைக்க வேண்டும் என்று அடிக்கடி எழுதுகிறீர்களே, எப்படி என்று சொல்லக் கூடாதா?' என்று கேட்கிறார்.

சொல்கிறேன் ஐயா. நான் யோசிக்க வைத்த ஒரு பிள்ளையின் கதையையே சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் பெருமாட்டிக்காரி. தோப்பும் வயலுமாக வளர்ந்தவள். நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குத் தற்காலிக டீச்சராக வந்து சேர்ந்தேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் மலையை விட்டு இறங்க வேண்டும். தங்குவதற்கு இடம் வேண்டும். தேயிலை பறிக்கிறவர்கள் வீட்டில் அதெல்லாம் எங்கே நடக்கிறது? ஐந்தாம் வகுப்புக்குப் பதிலாகத் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வந்த முதல் வாரம் நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். தங்குதடையில்லாமல் வாசித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் — புத்தகம் தலைகீழாக இருந்தது! பாடம் மொத்தமும் மனப்பாடம். கேள்வி மனப்பாடம், பதிலும் மனப்பாடம். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பது மட்டும் சில நேரம் மாறிப் போகும்.

அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்தேன். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். சோப்பு உறை, இருமல் மருந்துப் பாட்டிலில் ஒட்டிய சீட்டு, டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ், காலையில் ஆள் கணக்கு எடுக்கிற மஸ்டர் கொட்டகையில் ஒட்டியிருந்த அறிவிப்பு... எதை வாசித்தாலும் மூன்றே கேள்வி. இதைச் சொல்வது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லாமல் விட்டது என்ன?

முதலில் முழித்தார்கள். ஒரு மாதம் கழித்து என்னை முழிக்க வைத்தார்கள். 'உலகிலேயே சிறந்த சோப்பு' என்று உறையில் போட்டிருந்தது. உலகத்தில் இருக்கிற எல்லா சோப்பையும் இவர்கள் போட்டுக் குளித்துப் பார்த்தார்களா என்று ஒரு வாண்டு கேட்டது. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளைகளில் அருள்மேரி என்று ஒரு பெண். போன வருஷம் என்னிடம் நான்காம் வகுப்பு படித்தாள். அம்மா அந்தோணியம்மா கொழுந்து பறிக்கிறவர். அப்பா மருந்து அடிக்கிற வேலை, நெஞ்சு சரியில்லாமல் பாதி நாள் படுக்கை. அருள்மேரி அதிகம் பேச மாட்டாள். பேசினால் நமக்கு வாய் அடைத்துவிடும்.

பாடப் புத்தகத்தில் 'நமது வீடு' என்று ஒரு பாடம். நமது வீட்டில் பல அறைகள் உண்டு, முன்னால் பூந்தோட்டம் உண்டு என்று போகும். அருள்மேரி கை தூக்கினாள்.

"நமது வீடுன்னு போட்டிருக்கு. இது யார் வீடு டீச்சர்?"

ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிற தொழிலாளர் லயத்திலிருந்து வருகிறவள் கேட்கிறாள். கெட்டிக்காரி என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்!

இந்தப் பக்கத்து எஸ்டேட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்திருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு பெண் பிள்ளைக்கு, கீழே போடிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சீட். தங்க இடம், சாப்பாடு, பத்தாவது வரை படிப்பு. நான்காம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளுக்கு ஏப்ரலில் பரீட்சை வைத்து ஒருத்தியைப் பொறுக்குவார்கள். ஒரே ஒரு சீட், ஒரு பிள்ளைக்கு ஒரே தடவைதான். தவறினால் மறுபடி எழுத முடியாது.

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் அந்தோணியம்மா கூடையோடேயே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. காலெல்லாம் சேறு என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

"என் முதுகுல ஏறுன கூட என்னோட எறங்கிரணும் டீச்சர். அவ முதுகுல ஏறக் கூடாது."

கவலைப்படாதீங்கம்மா, அவளுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கப் போகிறது என்று சொல்லி அனுப்பினேன். வாய்க் கொழுப்பு என்பது இதுதான்.

பரீட்சை முடிந்தது. திருத்துவதற்கு எஸ்டேட் கிளப் ஹாலில் மூன்று டீச்சர்களை உட்கார வைத்தார்கள். அதில் நான் ஒருத்தி. தலைமைத் திருத்துநர் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், மலையாளம் கலந்த தமிழ் பேசுகிறவர். தாள்களில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். ஆனால் வருஷம் முழுக்கப் பார்த்த கையெழுத்து தெரியாமல் போகுமா?

வாசித்துப் பதில் எழுதும் பகுதியில் ஒரு கதை. அதை அப்படியே தருகிறேன்.

'ஒரு செல்வந்தர் மழையில் வண்டியில் சென்றார். வழியில் ஒரு முதியவர் தலையில் விறகுச் சுமையுடன் நனைந்துகொண்டே நடந்தார். செல்வந்தர் மனம் இரங்கி, வண்டியை நிறுத்தி, தம் குடையை அவருக்குக் கொடுத்தார். முதியவர் குடையைப் பிடித்துக்கொண்டு, செல்வந்தரை வாழ்த்தியபடி நடந்து சென்றார்.'

கேள்வி — செல்வந்தரைப் பற்றி நீ அறிவது என்ன? பத்து மார்க்.

பதில் கதைக்குள்ளேயே இருக்கிறது, பார்த்தீர்களா? 'மனம் இரங்கி' என்பதைத் தூக்கி 'இரக்கம் உள்ளவர்' என்று வைத்தால் வேலை முடிந்தது. திருத்துகிறவர்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பு, அதுதான் கீ, அதுவும் அப்படித்தான். இரக்கம் என்ற சொல் இருந்தால் பத்து. இல்லாவிட்டால் பூஜ்யம். தாளுக்குத் தாள் இரக்கம், இரக்கம், இரக்கம்... இருபது தாளுக்கு மேல் திருத்திவிட்டேன். கை தானாக டிக் போட்டுக்கொண்டே போயிற்று.

அப்புறம் அந்தத் தாள் வந்தது.

'செல்வந்தர் விறகு சுமந்ததே இல்லை என்று அறிகிறேன். தலையில் விறகு இருந்தால் இரண்டு கையாலும் அதைப் பிடிக்க வேண்டும். குடையை எந்தக் கையால் பிடிப்பார்? வண்டியில் விறகை வைத்திருக்கலாம். முதியவரையும் ஏற்றியிருக்கலாம். முதியவர் ஏன் கேட்கவில்லை என்று கதையில் சொல்லாமல் விட்டிருக்கிறது.'

அருள்மேரியின் கையெழுத்து. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். பத்து வயசுப் பிள்ளை! அந்தக் கதையை எழுதியவருக்குத் தோன்றவில்லை, கேள்வி போட்டவருக்குத் தோன்றவில்லை, இருபது தடவை வாசித்த எனக்கும் தோன்றவில்லை. தேயிலைச் செடியைக் கழித்துப் போட்ட கவ்வாத்து விறகைத் தினமும் தலையில் சுமக்கிறவளுக்குத் தோன்றியிருக்கிறது. இதற்காகத்தானே நாலு வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன்?

தாளை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம் போனேன். அவர் வாசித்தார். சிரித்தார். அடுத்த டீச்சருக்கும் வாசித்துக் காட்டினார், அவரும் சிரித்தார்.

"இதுல தப்பு ஒண்ணும் இல்லீங்களே சார்" என்றேன்.

"தப்பும் சரியும் நானோ டீச்சரே தீர்மானிக்கறது? கீயில இரக்கம். இதுல இரக்கம் இல்ல." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கமிட்டியில இருக்கறவங்க எல்லாம் வண்டியில போறவங்களாக்கும். இதைப் படிச்சா, இந்தக் குட்டிக்கு யாரு படிப்பிச்சதுன்னு கேப்பாங்க. உங்களுக்கு ஜூன்ல பெர்மனன்ட் ஆகணுமில்லே?"

மிரட்டவில்லை. நல்ல மனுஷர், எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

எமர்ஜென்ஸி போய்விட்டது, இனி யாரும் எதையும் பயப்படாமல் கேட்கலாம் என்று பேப்பர்களெல்லாம் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. கிளப் ஹால் மேஜை மேலேயே ஒரு பேப்பர் கிடந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து, அருள்மேரியின் பதிலுக்குப் பக்கத்தில் பூஜ்யம் போட்டேன். கமிட்டிக்கு ஒரு வரி எழுதிப் பார்த்திருக்கலாம். எழுதவில்லை. பூஜ்யத்தை நன்றாக வட்டமாகவே போட்டேன்.

ஆறு மார்க்கில் சீட் போயிற்று. ஃபேக்டரி கிளார்க்கின் மகளுக்குக் கிடைத்தது. நல்ல பெண்தான். 'இரக்கம்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். அவள் மேல் என்ன குற்றம்?

ரிசல்ட் வந்த மறுநாள் அந்தோணியம்மா வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ மக்கா டீச்சர்? மக்குன்னா சொல்லிருங்க. நான் ஆசய விட்டுருதேன்."

இல்லைம்மா, நல்லாப் படிக்கிற பிள்ளைதான், அன்றைக்கு என்னவோ பதற்றம், பரீட்சை என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும்... என்று என்னென்னவோ உளறினேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஜூன் ஒன்றாம் தேதி எனக்கு பெர்மனன்ட் ஆர்டர் வந்தது. இப்போது இதையெல்லாம் எழுதுகிறேனே, தைரியம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அந்த ஆர்டரிலிருந்துதான்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு மழையில் வந்துகொண்டிருந்தேன். எதிரே மேட்டிலிருந்து அருள்மேரி இறங்கி வந்தாள். தலைக்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் விறகுக் கட்டு. இரண்டு கையும் கட்டைப் பிடித்திருந்தன. முகத்தில் வழிகிற தண்ணீரைத் துடைக்கக்கூடக் கை இல்லை. ஓடிப்போய் என் குடையை அவளுக்கு மேல் பிடித்தேன். என் முதுகு நனைந்தது. நனையட்டும் என்று இருந்தேன். இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

சேர்ந்து நடந்தோம். தம்பிக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டேன். முளைத்துவிட்டதாம். பிறகு அவள் கேட்டாள்.

"டீச்சர், அந்தக் குடக் கதைக்கு எனக்கு எத்தன மார்க்கு?"

மூன்று டீச்சர்களில் யார் எந்தத் தாளைத் திருத்தினார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் திருத்தினேன் என்றும் அவளுக்குத் தெரியாது.

"நெனவில்ல கண்ணு. வேற யாரோ திருத்துனாங்க" என்றேன்.

தலையைத் திருப்ப முடியாது, சுமை இருக்கிறது. கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். சோப்பு உறையைப் பார்த்த அதே பார்வை. இதைச் சொல்வது யார், சொல்லாமல் விட்டது என்ன... எல்லாம் அந்த ஒரு பார்வையில் முடிந்துவிட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. முதியவர் ஏன் கேட்கவில்லை என்று எழுதியவள், தானும் கேட்கவில்லை.

லயத்து வாசல் வரை குடை பிடித்துக்கொண்டே போனேன். அவள் குனிந்து கட்டைக் கீழே போட்டாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேட்டிலிருந்து லயம் வரைக்கும் அரை மைல். அந்தக் கட்டை நான் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

பொள்ளாச்சி ஐயா, மூன்று கேள்விகளையும் உங்கள் மகளுக்குத் தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் அவள் சரியாக யோசித்து எழுதுகிற அன்றைக்குச் சிவப்புப் பேனா யார் கையில் இருக்கும் என்பதையும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

வியாழக்கிழமை நான் செய்த காரியத்துக்கு, கீயின்படி, எனக்குப் பத்துக்குப் பத்து.