உப்பு பூசிய இளவரசியை எழுதியது நான்

அந்தக் கதையை நான்தான் எழுதினேன். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது சொல்லவருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போதே சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அறுபதுகளில் எங்கள் குடும்பம் கடலூர் முதுநகரில் இருந்தது. நான் பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அதே கதிதான். அண்ணன் சிதம்பரத்தில் விடுதியில் தங்கி பி.ஏ. படித்தார். பிள்ளை படிப்பில் புலி என்று அத்தா பார்க்கிறவரிடமெல்லாம் சொல்வார். புலி ஒரு பரீட்சையில் கோட்டைவிட்டது எனக்கும் புலிக்கும் மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமைக்கு வீட்டுக்கு வரும்போது அண்ணன் ஒரு சிறுவர் பத்திரிகை வாங்கிவருவார். அதில் வந்த மாயாஜாலத் தொடர்கதை ஒன்றைப் படித்துவிட்டு, இதைவிட நான் நன்றாக எழுதுவேன் என்று வாயை விட்டேன். "எழுதேன் பாப்போம்" என்றார்.

எழுதினேன். ஒரு ராஜாவைக் கொன்றுவிட்டு அவன் தம்பி அரியணையில் உட்காருகிறான். தப்பித்த இளவரசி முடியை வெட்டிக்கொண்டு, ஆண்பிள்ளை வேஷத்தில் அந்தச் சித்தப்பனின் குதிரை லாயத்திலேயே வேலைக்குச் சேருகிறாள். முகத்தில் ஒரு மந்திர உப்பைப் பூசிக்கொள்வாள். பூசினால், பார்த்தவர் அந்தப் பக்கம் திரும்பியதுமே அவள் முகத்தை மறந்துவிடுவார். ஆனால் பூசப் பூச அவளுக்கே தன் முகம் மறந்துகொண்டு வரும். அது முழுசாக மறப்பதற்குள் பழி தீர்க்க வேண்டும். குதிரைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே குதிரை, துணி கட்டி மறைத்த ஜட்கா வண்டியை இழுத்த குதிரை. அதையும் இடுக்கு வழியாகப் பின்பக்கம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"பொம்பளப் புள்ள பேரு பத்திரிகையில வந்தா அத்தா நம்ம ரெண்டு பேரு தோலையும் உரிச்சிடுவாரு. என் பேருல அனுப்புறேன், புள்ள" என்றார் அண்ணன். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அச்சில் வந்தால் போதும் என்றிருந்தது. ஒவ்வொரு வாரமும் நான் எழுதிக் கொடுப்பதை அவர் தன் கையெழுத்தில் எழுதி சிதம்பரத்திலிருந்து தபாலில் சேர்ப்பார்.

கதை பிடித்துக்கொண்டது. சிதம்பரம் மேலவீதி டீக்கடையில் அண்ணனைக் காசு கொடுக்கவே விடுவதில்லையாம். எழுத்தாளர் களை வரட்டும் என்று, கோளாறே இல்லாத கண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க அண்ணனுக்கு என்னா மூளை. நீயும் இருக்கியே, சட்டியைக் கிண்டிக்கிட்டு" என்பாள். நான் சட்டியைக் கிண்டிக்கொண்டிருப்பேன். சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

தொடர் முடியப்போகிற சமயத்தில் அண்ணனுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் பெண் பேசினார்கள். மாப்பிள்ளை போய்ப் பெண் பார்க்கிற வழக்கம் அப்போது எங்களில் கிடையாது. வீட்டுப் பெண்கள் பார்த்துவிட்டு வந்து, மூக்கு இப்படி, நிறம் இப்படி என்று சொல்வார்கள். அதைக் கேட்டு அவர் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். அம்மாவும் நானும் போனோம்.

பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பெரியவர்கள் கூடத்தில் சேமியா பாயசத்தோடு உட்கார்ந்துவிட, எங்கள் இருவரையும் உள் அறையில் விட்டார்கள். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

"இதுக்கு முன்னாடி வந்த இடத்தையெல்லாம் வேணாம்னு அழுது நிறுத்திட்டேன். உங்க அண்ணன்தான் அந்தக் கதையை எழுதறவங்கன்னு சொன்னதும் சரின்னேன். ஒரு பொண்ணு மனசுல ஓடறது ஒரு ஆம்பளைக்கு இவ்ளோ தெரியுதே. இவுங்ககிட்ட நான் ஒண்ணு சொன்னா காது குடுத்துக் கேப்பாங்கன்னு தோணிச்சு."

என் அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் நாம் பேச வாயெடுத்தால் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்கிறவர். இந்தப் பெண் அவருக்குச் சரி சொல்லவே இல்லை. சரி சொன்னது எனக்கு.

"அந்தக் கதையை எழுதறது நான்" என்றேன்.

அவள் சிரித்தாள். "நாத்தனாருங்க கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுவாங்கன்னு எங்க அக்கா சொன்னா."

"கடைசி அத்தியாயம் இன்னும் வரலை. என்னா நடக்கும்னு சொல்றேன், கேட்டுக்குங்க. அவ சபை நடுவுல உப்பைக் கழுவிட்டு, நான் யாருன்னு பாருன்னு சொல்லிட்டுத்தான் சித்தப்பனை வெட்டுவா. கொல்றது யாருன்னு தெரியாம அவன் செத்தா அது பழியே இல்லைன்னு சொல்லுவா. பத்திரிகை வந்ததும் பாருங்க. நான் சொன்னபடி இருந்தா நல்லா யோசிச்சுக்குங்க."

அவள் சிரிப்பு நின்றது. அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். நெல்லிக்குப்பம் தாண்டி வீடு வந்து சேரும்வரை எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த அத்தியாயத்தை அண்ணனிடம் எப்போதோ கொடுத்தாயிற்று. இனி அச்சாகி வரவேண்டியதுதான் பாக்கி.

வந்தது. இளவரசி உப்பைக் கழுவவில்லை. சித்தப்பன் தானாகவே மனம் திருந்தி அழுகிறான், இவள் அவன் காலில் விழுகிறாள். அதுவரை ஒரு வரியில்கூடத் தலைகாட்டாத பக்கத்து நாட்டு இளவரசன் ஒருவன் எங்கிருந்தோ வந்து அவளைக் கட்டிக்கொள்கிறான்.

"என் கதைய ஏன் மாத்துனீங்க?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"பொண்ணு வூட்டுல எல்லாரும் படிக்கிறாங்க புள்ள. சித்தப்பனைப் போட்டு வெட்டறா மாதிரி எழுதுனா என்னை என்னா நெனைப்பாங்க? நல்லாத்தான இருக்கு முடிவு" என்றார். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. தான் எழுதியது எனக்குப் பிடிக்கும் என்று உண்மையிலேயே நினைத்திருந்தார்.

ஆக, மேல்பட்டாம்பாக்கத்தில் நான் பொய்க்காரி ஆகிவிட்டேன். அவளை இன்னொரு தரம் பார்த்துப் பேசினால் போதும் என்று தவித்தேன். எப்படிப் போவது? துணையில்லாமல் நான் எங்கள் தெருமுனையைக்கூடத் தாண்டியதில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பினாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அண்ணன் கல்யாணத்துல மண்ணள்ளிப் போட்டுடாத" என்று மட்டும் சொன்னாள். அத்தாவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. பெண் வீட்டில் நிக்காஹ் ஜாம்ஜாமென்று நடந்தது. பிரியாணி பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் போல என்று நானும் ஒதுங்கியே இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் சமையல்கட்டில் இரண்டு பேரும் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். கூடத்தில் அண்ணனைப் பார்க்க யாரோ வந்திருந்தார்கள். அடுத்து என்ன கதை என்று அவர்கள் கேட்டதும், யோசனையில் இருக்கிறேன் என்று அண்ணன் சொன்னதும் எங்களுக்குக் கேட்டது.

"கடைசி அத்தியாயம் மட்டுந்தான அவுங்க எழுதுனது?" என்றாள் அவள்.

கையிலிருந்த இறாலைப் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "எப்பத் தெரிஞ்சிது?"

"பத்திரிகை வந்த அன்னிக்கே. நீங்க சொன்னது பொய்யின்னு பாக்கத்தான் எடுத்தேன். கொஞ்சம் படிச்சதுமே இது வேற ஆளுன்னு தெரிஞ்சி போச்சு."

"அப்புறம் ஏன் சம்மதம் சொன்னீங்க?"

"அதுக்கப்புறம் நான் எங்க சொன்னேன்?" அவள் இறாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிக்காஹ் அன்னிக்கு எங்க மாமா சாட்சிங்களோட வந்து கதவுக்கு அந்தாண்ட நின்னு சம்மதமான்னு கேட்டாரு. தேதி குறிச்சாச்சு, முன்ன மாதிரி அழுது வேணாம்னு சொல்ல பயம். சரின்னு சொல்லாம இருந்தா நிறுத்திடுவாங்கன்னு நெனைச்சேன். திருப்பித் திருப்பிக் கேட்டாரு, நான் வாயே தொறக்கலை. பொண்ணு வெக்கப்படுது, பேசாம இருந்தா சம்மதந்தான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலை."

கூடத்திலிருந்து அண்ணன் டீ கேட்டார். அவள் எழுந்து பாலை அடுப்பில் வைத்தாள்.