ஈரம் காயும்வரை

நமுனுகுலத் தேயிலைத் தோட்டக் கோயில் திருவிழாவில் தப்பு மேளத்தைப் பதிவு செய்யப் போயிருந்தேன். ஒரே தூறல். மேளக்காரர்கள் கொட்டகை ஓரத்தில் நெருப்பு மூட்டி, ஈரத்தில் தொய்ந்த தோலை நிதானமாகக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் எவ்வளவு நேரம்? ஒரு மேளத்துக்கு இவ்வளவு சடங்கா?” என்று கத்திவிட்டேன்.

ஒருவழியாக அவர்கள் எழுந்ததும், லொறியில் குளிர்ந்து கிடந்த என் டிஜிட்டல் டேப் ரெக்கோடரை அனலடித்த கொட்டகைக்குள் கொண்டுவந்து பொத்தானை அழுத்தினேன். நாடா சுழலவில்லை. பேட்டரியை மாற்றினேன். நாடாவை மாற்றினேன். தட்டினேன், திட்டினேன். பிறகுதான் திரையில் மினுங்கிய எச்சரிக்கை கண்ணில் பட்டது. குளிரிலிருந்து அனலுக்கு வந்ததில் உள்ளே ஈரம் படிந்திருந்தது. அது காயும்வரை இயந்திரம் ஓடாது.

மேளக்காரர் செல்லையா எட்டிப் பார்த்தார். “என்னங்க ஆச்சு?”

“ஈரம்... காயணும்.”

“அவ்வளவுதானே? காயட்டுங்க. நாங்க இருக்கோம்.”

ஒரு மணி நேரம் இருந்தார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

அந்த நாடாவில் முதல் அடிக்கு முன்னால் செல்லையாவின் குரல் இருக்கிறது: “உங்க மெஷினு காஞ்சிருச்சுங்களா? நாங்க அடிக்கலாமா?”

யாருக்காவது போட்டுக்காட்டும்போது அந்த இடத்தைத் தாண்டித்தான் இன்றும் ஓடவிடுகிறேன்.