ஆம்பூர்ப் பக்கத்து கெமிஸ்ட்ரி

போன வாரம் சென்னைக்குப் போய்வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை. ரயில் அலுப்பு இல்லை... இது வேறு அலுப்பு.

நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துவது உங்களுக்குத் தெரியும். வெளியூரில் எங்கள் கல்லூரியின் பெயரைச் சொன்னால், “அங்கே காலேஜ்லாம் இருக்கா?” என்பார்கள். எங்கள் பிள்ளைகள் நன்றாகத்தான் படித்தார்கள், நல்ல வேலைக்கும் போனார்கள். யாருக்கு என்ன? தோல் பதனிடும் ஊரில் படிப்பு எப்படி இருந்துவிடும் — இதுதான் அவர்கள் கணக்கு.

அப்புறம் எங்கள் பெண்கள் கபடி டீம் ஒரு பெரிய போட்டியில் ஜெயித்தது. டிவியில் காட்டினார்கள். அந்த வருஷம் அட்மிஷனுக்கு வாசல்வரை கூட்டம்! நாட்றம்பள்ளிக்காரர் ஒருவர் மகளோடு வந்தார்.

“டிவில காட்டுனாங்களே, அந்த காலேஜ்தானே மேடம்?”

“ஆமாம். பொண்ணு கபடி ஆடுவாளா?”

“அதெல்லாம் இன்னாத்துக்கு மேடம்? பி.காம். போதும். காலேஜுக்குப் பேரு வந்துடுச்சில்ல!”

பி.காம். பாடம் நடத்துவது யார் என்று அவர் கேட்கவே இல்லை.

அந்தப் பேரை வாங்கித் தந்தவர்களில் ஒருத்தி ரேவதி. மாதனூர்ப் பெண், என் மாணவி. அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை. டீமில் ரேவதிதான் ரைடர் — எதிரணிக்குள் தனியாகப் புகுந்து தொட்டுவிட்டு வருகிறவள். கடைசி வருஷம் ஆரம்பித்த சமயத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன். இனிமேல் ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு லேபுக்கு வந்தாள்... பூட்டுகிற நேரம்வரை அங்கேயே கிடந்தாள்.

போன வாரம் அவளுக்குச் சென்னையில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. நேர்காணல். அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு நான் போனேன். உள்ளே போனவள் முகம் சிவந்து வெளியே வந்தாள். திரும்பும் ரயிலில் நடந்ததைச் சொன்னாள்.

“ஊர் பேரைச் சொன்னதும் பிரியாணி பத்திப் பேசுனாங்க மேடம். அப்புறம் ஒரு சாரு கபடி சர்டிபிகேட்டைப் பார்த்துட்டாரு. ‘ஓ, அந்த காலேஜா! எங்களுக்கு ரைடர் இல்லம்மா, நீ வந்தா டீமே மாறிடும்’னாரு. முட்டில ஆபரேஷன் ஆயிடுச்சு சார், இனிமே ஆட முடியாதுன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஃபைலை மூடிட்டாங்க. ‘சரிம்மா, போய்ட்டு வா’ன்னாங்க.”

“நீ எழுந்து வந்துட்டியா?”

“எழுந்துக்கல மேடம். ‘சார், நான் கெமிஸ்ட்ரிக்குத்தான் வந்தேன், ஒரு கேள்வியாவது கேளுங்க’ன்னேன். அந்தப் பக்கம் உக்காந்திருந்த மேடம்தான் ஃபைலைத் திரும்பத் திறந்தாங்க. அப்புறம் கேட்டாங்க பாருங்க... விடவே இல்ல!”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

நேற்று சீட் கிடைத்துவிட்டதாக போன் வந்தது. “அம்மா கம்பெனி பஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டாங்க மேடம்!” என்று கத்தினாள். ஓடிப்போய் எங்கள் பிரின்சிபாலிடம் சொன்னேன்.

“கபடி கோட்டாவா?” என்றார்.

“இல்லை சார், கெமிஸ்ட்ரி.”

“நல்லது, நல்லது” என்றவர் உடனே பேனருக்குச் சொல்லிவிட்டார். இன்று காலை கல்லூரி வாசலில் கட்டியிருக்கிறார்கள். கபடி பனியனில் பாய்கிறாள் ரேவதி. கீழே, ‘சென்னையைக் கலக்கப்போகும் எங்கள் வீராங்கனை!’

கெமிஸ்ட்ரி? பேனரில் இடம் பத்தவில்லையாம்.